இருபத்தேழாம் நம்பர் வில்லை

14 அக்டோபர் 1918, திங்கள், காலை 7.40.
நேற்று ஊரில் காய்ச்சலில் செத்தவர்கள் முப்பத்தொன்று. துறைமுகக் கூலிகளில்: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம் என் கணக்கு. ஒவ்வொரு கூலியும் கழுத்தில் நம்பர் போட்ட பித்தளை வில்லை கட்டியிருப்பான். அவர்கள் தங்கும் கித்தங்கி வாசலில் நின்று வில்லைகளை எண்ணுவேன். மேஸ்திரி நாகூர் மீரான் தண்டலின் கும்பலில் நாற்பது வில்லை, நாற்பது ஆள். ஐந்து நிமிட வேலை. மற்ற பரிசோதகர்கள் பேர் கேட்டு, ஊர் கேட்டு அரை நாளை வீணாக்குகிறார்கள்.

15 அக்.
தனலெட்சுமி அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன், எங்கள் மாமா, பத்து நாளாக வீட்டுக்கு வரவில்லையாம். தண்டல் யாரையும் வெளியே விடுவதில்லை, அதுதான் என்றேன்.

"மாமா இருபத்தேழாம் நம்பர். இன்னைக்கும் வில்லை வந்துச்சுக்கா."

"வில்லைய பாத்தே, சரி. மூஞ்சிய பாத்தியா?"

எல்லாரும் மூக்கையும் வாயையும் துண்டால் மூடியிருக்கிறார்கள். என் உத்தரவுதான். நான் நம்பரைத் தாண்டி நிமிர்வதில்லை. எரிந்து விழுந்து அனுப்பிவிட்டேன்.

17 அக்.
துறைமுகச் சுகாதாரச் சபை. டாக்டர் உறுப்பினரின் தீர்மானம்: கித்தங்கிகளையும் அக்கரையிலுள்ள பிறை ஊருக்குப் போகும் படகையும் பத்து நாள் மூட வேண்டும், கூலிகளுக்குச் சபையே அரிசி தரட்டும். கப்பல் ஏஜண்டு ஷேக் அலாவுதீன் எழுந்து என் தாளை ஆட்டினார். கித்தங்கியில் சாவே இல்லை, மூடுவதானால் டாக்டர் போகும் கிளப்பை மூடுங்கள் என்றார். சிரிப்பு. மூன்றுக்கு மூன்று. தலைவர் ஓட்டு எதிராக. தீர்மானம் செத்தது.

வெளியே வரும்போது அலாவுதீன் என் தோளைத் தட்டினார். "உன் பூஜ்யந்தான் ஜெயிச்சுச்சு தம்பி."

18 அக்.
ஊரில் நாற்பத்துநான்கு. கூலிகளில் பூஜ்யம். எப்படி?

19 அக்.
வரிசையில் துண்டை அவிழ்க்கச் சொன்னேன். இருபத்தேழாம் நம்பர் கட்டியிருந்தவன் யாரோ.

"பேரு?"

"பிச்சைமுத்து."

"அது எங்க மாமா பேருடா! உன் பேரச் சொல்லு!"

தண்டலைப் பார்த்தான். "அர்ஜுனன்ங்க. போன வாரந்தான் சேத்துக்கிட்டாங்க."

தண்டல் அசையவே இல்லை. "ஆள் குறைஞ்சா ஏஜண்டு கும்பலையே கலைச்சுடுவான் தம்பி. செத்தவன் வில்லைய புதுசா வர்றவன் கட்டிக்குவான். எப்பவும் அப்படித்தான்லா. நீங்களும் வில்லையத்தானே எண்ணுனீங்க?"

நாற்பதில் பதினொன்று இப்படி. மாமா எட்டாந்தேதி. தொங்கான் படகில் ஏற்றிப்போய் எங்கோ கரையோரம் புதைத்தார்களாம் — இடம் கூடத் தெரியாது.

எட்டாந்தேதியிலிருந்து தினமும் காலையில் நான் அவரை உயிரோடு எண்ணியிருக்கிறேன்.

20 அக், ஞாயிறு.
ஐம்பத்திரண்டு. நாளை சபை மறுபடி கூடுகிறது.

1. புதிய பட்டியல். பதினொரு பேர், பேரோடும் ஊரோடும். நம்பர் வேண்டாம்.
2. பழைய பூஜ்யம் என் தவறு என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்து. வேலை போனால் போகட்டும்.
3. டாக்டரைப் பார்த்துத் தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது. ஒரே ஓட்டு மாறினால் போதும்.
4. மற்ற கும்பல்களிலும் துண்டை அவிழ்த்து, பேர் கேட்டு எண்ணுவது. அரை நாள் ஆகட்டும்.
5. அக்கா வீடு. இல்லை — இதுதான் ஒன்று. இப்போதே.