நூற்றுக்கு எழுபத்தொன்று

மே 4

இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நிதித்துறை அதிகாரியான என் மகன், மருமகள், மருந்துக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், அவர் கூட்டிவந்த நண்பர் ஒருவர், நான். வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்றுதான் எழுதிவைக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "அம்மாவுக்கு வயசாச்சு. காலையில சாப்பிட்டது மதியம் ஞாபகம் இருக்காது." கல்யாணத்தன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று நாலு பேர் காதுபடச் சொன்ன மனுஷன். எனக்குச் சுருக்கென்றது.

என் மகன் பள்ளிக்கூடப் பாடத்தை என்னிடம்தான் ஒப்பிப்பான். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் ஒரு வார்த்தை விட்டால் பிடித்துவிடுவேன். பெரிய வேலைக்குப் போன பிறகும் பழக்கம் விடவில்லை. அரசாங்கத்தின் கடன் அறிக்கையை வருஷாவருஷம் அடுக்களையில் நின்று ஒப்பித்துப் பார்த்துவிட்டுத்தான் போவான். அந்தக் கணக்கை அவர்கள் முன்னால் எடுத்துவிட்டேன்.

"கூரை ஒழுகின வருஷம், நாடு நூறு சம்பாதிச்சா முப்பத்தெட்டு கடன். வெள்ளம் வந்த வருஷம் அம்பத்திரண்டு. அடுத்த வருஷம் நாப்பத்தொம்பதுக்கு எறங்குச்சு. அடைச்சதால இல்ல. விலைவாசி ஏறினதுல சம்பாத்தியம் பெருசாத் தெரிஞ்சுது, கடன் சின்னதாத் தெரிஞ்சுது. போன வருஷம் எழுபத்தொண்ணு."

"அறுபத்திரண்டுன்னுதானே அறிவிச்சாங்க?" என்றார் அந்த நண்பர், மெதுவாக.

"மொதல்ல எழுபத்தொண்ணுன்னுதான் ஒப்பிச்சான். மறுநாள், ரோடு போடுற கழகமும் மின்சாரக் கழகமும் வாங்கின கடனைக் கழிச்சுட்டு அறுபத்திரண்டுன்னு வந்தான். அந்தக் கடனையும் கட்டப்போறது என்னவோ அரசாங்கம்தான். கணக்குல மட்டும் வராதாம்."

யாரும் சிரிக்கவில்லை. மகன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

மே 5

அந்த நண்பர் பத்திரிகைக்காரராம்.

மே 7

முதல் பக்கம். 'குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர்' என்று போட்டிருக்கிறது. அந்த ஒருவர் பெற்றவள் என்று தெருவுக்கே தெரியும். பால் வாங்கக்கூடப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்— ஒரு மருந்துக்கடைக்காரர் நம்மைக் கிழவி என்று நினைத்திருப்பார். கிழவிதானே.

மே 12

விசாரணை முடியும்வரை மகன் வேலைக்குப் போக வேண்டாமாம். அறையை விட்டு வெளியே வரவில்லை. மருமகள் தட்டை வைத்துவிட்டு, "உங்க ஞாபகசக்திய ஊரே பாத்துடுச்சு அத்தை. இப்ப திருப்திதானே?" என்றாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

மே 18

மகன் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தே பேசினான்.

"அம்மா, உன்னையும் விசாரிப்பாங்க. எங்கம்மாவுக்கு மறதி நோய், நம்பரெல்லாம் குழப்பிக்குவாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எனக்காடா மறதி?"

"வேலை போயிடும்மா."

சரி என்று தலையாட்டினேன்.

மே 23

விசாரணைக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். என்ன மாசம் என்று கேட்டார்கள். நவம்பர் என்றேன். எத்தனை பிள்ளைகள்? "நாலோ அஞ்சோ இருக்கும்" என்றேன். இவன் ஒருவனைத்தான் பெற்றேன். கடன் பற்றிக் கேட்டபோது, "பால்காரருக்கு நேத்தே குடுத்துட்டேனே" என்றேன். மகன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

அந்தப் பெண் என் கையைத் தடவிக்கொடுத்து ஒரு பிஸ்கட்டைப் பிட்டு வாயில் வைத்தாள். தின்றேன். அந்த வெட்கத்தை எழுத எனக்கு எழுத்து போதாது.

ஜூன் 3

மகனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. பத்திரிகைக்காரர் வருத்தம் தெரிவித்துக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்— நினைவு தவறிய மூதாட்டி ஒருவரின் பேச்சை நம்பிவிட்டாராம். நான் சொன்னது நிஜம். அவர் எழுதியதும் நிஜம். தலைகுனிந்தவர் அவர். அவர் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள், படித்திருப்பாள்.

ஆகஸ்ட் 16

டப்பாக்களில் எல்லாம் மருமகள் சீட்டு ஒட்டியிருக்கிறாள். சர்க்கரை. உப்பு. அவள் நடிக்கவில்லை, எனக்கு மறதி என்று நிஜமாகவே நம்பிவிட்டாள்.

பிப்ரவரி 9

ஆட்சி மாறிவிட்டது. மறைத்துவைத்த கடனையெல்லாம் சேர்த்தால் நூற்றுக்கு எழுபத்தெட்டாம். புது மந்திரி சொன்னார். யாரையும் யாரும் விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 20

மகன் இன்று அடுக்களைக்கு வந்தான், பென்சிலும் தாளுமாக. ஒன்பது மாதமாக அங்கே வந்து நின்றதில்லை. பழைய வருஷங்களையெல்லாம் திருத்திக் கேட்கிறாராம் மந்திரி. கழிப்பதற்கு முன்னால் வருஷாவருஷம் போட்ட முதல் கணக்குகளை இவன் இலாகாக்காரர்களே கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

"அம்மா, கழிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு... உனக்குத்தான் தெரியும்."

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் சொன்னேன். வருஷம் வருஷமாக, ஒன்று விடாமல். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் சந்தோஷம். சீ.

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் வந்தாள். என் காதருகே குனிந்து, சின்னக் குழந்தையிடம் கேட்பதுபோல், "அத்தை, இது யாரு? தெரியுதா? உங்க பையன்" என்றாள்.

அவன் கையில் என் வாயிலிருந்து வந்த பன்னிரண்டு வருஷம் இருந்தது. அம்மாவுக்கு மறதி இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "தெரியும், தெரியும், விடு" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மருமகளை மன்னித்துவிடலாம், அவளுக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரரைக்கூடப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். மே மாதத்தில் வேலைக்குப் பயந்து சொன்ன பொய்க்கு நானும் கூட்டு. ஆனால் இன்றைக்குச் சிரித்தானே, அவனை மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற ஒரே மகனை.