வலது பக்கத்து பேரிங்

ஜூன் 8, ஞாயிறு

காபி ஆறுவதற்குள் தங்கை பூங்குழலியின் போன். "அக்கா, மறுபடியும் போச்சு."

எது என்று நான் கேட்கவில்லை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரின் வலது பக்கத்து பேரிங். போன மாதமும் அதுதான், அதற்கு முந்தின மாதமும் அதுதான். பல பருவம் உழைக்க வேண்டிய சாமான், மாதச் சம்பளம் மாதிரி மாதாமாதம் காலியாகிறது.

அவள் புருஷன் இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. ஹனூர்ப் பக்கத்து வயல்காடுகளில் டிராக்டரை வாடகைக்கு ஓட்டித்தான் அவள் பிழைப்பு. புருஷனுடைய அண்ணன் மல்லப்பனுக்கு அந்த வண்டி மேல் கண். "பொம்பளையால ஆகற காரியமா இது? என்கிட்ட உட்ரு, ஆடிப் பதினெட்டுக்குள்ள முடிவைச் சொல்லு" என்றிருக்கிறார்.

"இன்னொருக்கா போச்சுன்னா குடுத்துப்போடறேன்க்கா. என்னால ஆகல."

அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

டிரைவர் சுரேந்தர் வளைவில் ரோட்டவேட்டரைத் தூக்காமல் திருப்புகிறானாம், அதனால்தான் போகிறதாம். கண்டுபிடித்தது யார் என்றேன். மல்லப்பன். வேறு யார்.

ஜூன் 10

இங்கே மைசூரில், தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து வழியிலேயே இறங்கி பசவராஜ் கடைக்குப் போனேன். எனக்கு இதுவரை பேரிங் விற்றவர் அவர்தான். டூப்ளிகேட் சரக்கோ என்று நேரடியாகவே கேட்டேன். அட்டைப் பெட்டியைத் திறந்து முத்திரையைப் பார்த்தேன், காலிப்பர் வைத்து அளந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நோடி மேடம், சென்னாகி நோடி." நன்றாகப் பார்க்கச் சொன்னார், நன்றாகவே பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அது இன்னும் எரிச்சல்.

ஜூன் 15, ஞாயிறு

கொள்ளேகால் வழியாக ஊருக்குப் போய்த் திரும்பினேன். இடுப்பு வலி.

பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதே, நான் பார்க்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சுரேந்தர் தூக்கிப் போடவில்லை. வாழையிலை மேல் வைத்துக் கொண்டுவந்தான்.

"அக்கா வர்றீங்கன்னு டீசல்ல கழுவி பளபளன்னு வெச்சிருக்கறேனுங்."

கழுவிவிட்டான்! கிரீஸ் இல்லை, அழுக்கு இல்லை, துப்பு என்று ஒன்றும் இல்லை. அது கெட்ட பிறகும் நாள் கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள், குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. இதில் நான் எதைப் படிப்பது? தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் என் வேலையே கெட்டுப்போன சாமானைப் பார்த்துக் காரணம் சொல்வதுதான். இங்கே சாமானுக்குக் குளிப்பாட்டுச் சடங்கு நடந்திருக்கிறது.

புதியதை மாட்டும்போது பக்கத்தில் நின்றேன். சுத்தியலை நேராக பேரிங் மேலேயே ஓங்கினான். அடப்பாவி. நிறுத்தி, ஒரு குழாயை வைத்து ஒரே சீராகத் தட்ட வைத்தேன். இதுதான் காரணம், இனிமேல் போகாது என்று பூங்குழலியிடம் சொல்லிவிட்டு வந்தேன். நிச்சயமாகச் சொன்னேன்.

ஜூன் 22

ஓடுகிறது. சத்தமே இல்லையாம். எனக்குத் தெரியும்.

ஜூலை 1

போயிற்று.

மல்லப்பனே போனை வாங்கிப் பேசினார். "ஏனுங் அம்மிணி, படிச்ச கை மாட்டுனதும் போயிருச்சுங்களாட்ட?" பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு பூங்குழலி வந்து, "நீ மாட்டுனதுதானக்கா இது?" என்றாள். அதுதான் வலித்தது. வண்டியைக் கொடுக்கிற பேச்சை ஆடிப் பதினெட்டு வரைக்கும் தள்ளிப்போடச் சொன்னேன்.

ஒரே ஒரு நல்ல காரியம்: கொரகொர சத்தம் கேட்டதுமே வண்டியை நிறுத்திவிட்டார்கள். பேரிங்கைக் கழற்றி, துடைக்காமல், கழுவாமல், ஊதக்கூட ஊதாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி பஸ்ஸில் அனுப்பச் சொன்னேன். சுரேந்தரிடமும் தனியாகச் சொன்னேன். "கழுவாம எப்பிடீங்க்கா உங்களுக்கு அனுப்பறது, அசிங்கமா இருக்குமுங்" என்கிறான்.

ஜூலை 3

பேரிங் வந்துசேர்ந்தது. சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்துப் பிரித்தேன்.

கிரீஸ் டீக்கடைப் பால் டீ நிறத்தில் இருக்கிறது. தண்ணீர்! தடத்தைத் துடைத்தால் சீரான இடைவெளியில் பழுப்புக் கோடுகள். குண்டுகளைத் திரும்ப வைத்துப் பார்த்தேன் — ஒவ்வொரு கோடும் ஒரு குண்டு நின்ற இடம். ஓடிக்கொண்டிருக்கும்போது துரு இப்படிப் பிடிக்காது. தண்ணீர் உள்ளே போய், பேரிங் அசையாமல் நின்றிருக்கிறது. அந்தத் துருதான் பிறகு ஓடும்போது தடத்தை அரைத்திருக்கிறது.

ஆக, சுரேந்தர் திருப்பியதும் காரணமில்லை, சுத்தியலும் இல்லை, கடைச் சரக்கும் இல்லை. ஆளாளுக்கு உளறியிருக்கிறோம்.

மழையில் நின்றதா என்று போனில் கேட்டேன்.

"மழையா? இங்க மேகத்தப் பாத்தே நாளாச்சு."

வெளியே நிறுத்துகிறாயா?

"ஷெட்டுக்குள்ளதான் நிக்குது."

ஓட்டாமல் எப்போது நிறுத்துவீர்கள்?

"தெனமும் ஓடுதுக்கா. அமாவாசைக்கு மட்டுந்தான் மண்ணுல எறக்க மாட்டோம்."

போனை வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். அமாவாசை ஜூன் 25. அதற்கு முந்தினது மே 26. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பேரிங்.

அமாவாசையன்று என்ன செய்கிறார்கள் அந்த வண்டியை?

ஜூலை 6, ஞாயிறு

புது பேரிங்கோடு, சொல்லாமல் போய் நின்றேன். ஷெட் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிரஷர் வாஷர், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடிக்கிற மெஷின்.

"இது எப்ப வாங்கின?"

"பங்குனியில. கார் ஷெட்டுல அடிப்பாங்கல்ல, அதேதான். அமாவாசைக்கு மொத நாளு பொழுதோட, காட்டுலருந்து வந்ததும் அடிச்சுப்போடுவேன். விடிஞ்சா பூசை."

அடித்தும் காட்டினாள். எங்கே அடித்தாள்? வலது கோடியில், பேரிங் வாயில், ஒரு சாண் தூரத்தில். "இந்த மூலையிலதான்க்கா மண்ணு அடையும். இங்கதான் நல்லா புடிக்கோணும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நிதானமாகத்தான் சொன்னேன்: நாளெல்லாம் ஓடிக் கொதிக்கிற இரும்பு. பச்சைத் தண்ணீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்குகிறது. வெளியே இந்த வேகத்தில் தண்ணீர். ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் முழுக்க எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டபடி நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே துருப் பிடிக்கிறது.

"அழுக்கோட எப்பிடிக்கா பொட்டு வெக்கறது?"

"கும்பிட வேண்டாம்னா சொன்னேன்? காஞ்ச மண்ணைச் சுரண்டி, ஈரத்துணில தொடச்சுட்டுக் கும்பிடு."

"ஊர்ல எல்லாரு வண்டியும் கண்ணாடியாட்ட நிக்கும். எம்படது மட்டும் சேறோட நிக்கோணுமா? புருசன் போனதும் பூசைய உட்டுட்டான்னு பேச மாட்டாங்களா? அவரு இத்தன வருசம் வண்டி கழுவலையா?"

"குடத்துல மொண்டு ஊத்தினார்!"

அதற்குள் மல்லப்பன் வந்து கதவில் சாய்ந்துகொண்டார். "ஏனுங் அம்மிணி, தண்ணி பட்டா கெட்டுப்போற இரும்ப மழைல எப்பிடீங் ஓட்டறது?"

"மழை பக்கவாட்டுல, இந்த வேகத்துல பெய்யாதுங்க."

"மைசூர்ல பெய்யுமாட்ட இருக்குதுங்." சிரித்துக்கொண்டே பிரஷர் வாஷரைத் தடவிப் பார்த்தார். "நல்ல மிசினு. எனக்குங்கூட ஒண்ணு வாங்கோணும்."

பேரிங்கை மாட்டிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினேன். உனக்குத்தான் சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று பூங்குழலி பின்னாலிருந்து சொன்னாள். சொல்லட்டும்.

ஜூலை 23

நாளை ஆடி அமாவாசை. இப்போது அவள் வண்டி காட்டிலிருந்து திரும்பியிருக்கும், சூடாக. போன் செய்யமாட்டேன். செய்தால் சண்டை. பக்கத்து வீட்டில் ஸ்கூட்டரை ஹோஸ் வைத்துக் கழுவுகிற சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஜூலை 24

அவளிடமிருந்து ஒரு போட்டோ, வார்த்தை எதுவுமில்லாமல். டிராக்டர் பளபளக்கிறது, சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், எல்லாம் உண்டு. பெரிதாக்கி ரோட்டவேட்டரைப் பார்த்தேன். தகடெல்லாம் துடைத்த தடம். வலது கோடியில் மட்டும் மஞ்சள் துணியை இறுக்கிச் சுற்றி, முடிச்சின் மேல் குங்குமம்.

துணிக்கு ஓரத்தில் காய்ந்த மண் அப்படியே இருக்கிறது.

அங்கே தண்ணீர் படவே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு — ஆடிப் பதினெட்டு

முடிவு சொல்லவேண்டிய நாள். காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்காத மாதிரி. மத்தியானம் அழைத்தாள்.

"அக்கா, பேரிங் வேணும்."

மறுபடியுமா என்றேன்.

"நம்மளுக்கு இல்லக்கா. பெரிய மாமாவோட டிஸ்க்குக்கு. ரண்டு பக்கமும் போச்சு."

மல்லப்பனுடைய தட்டுக் கலப்பையா? எப்படி?

"அந்தத் தண்ணியடிக்கற மிசினை ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாங்களா, குடுத்துப்போட்டேன். பேரிங்குல அடிக்காதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். பொம்பள பேச்ச எங்க கேக்கறாங்க?"

அவள் குரலில் சிரிப்பு இருந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. வண்டி விஷயம் என்னாயிற்று என்று கேட்டேன்.

"அத எங்க கேட்டாங்க? மழ வர்றதுக்குள்ள அவிங்க காட்ட ஒருக்கா ஓட்டித்தரச் சொல்லிக் கேட்டாங்க. சுரேந்தர் அவிங்கள வரிசையில எழுதிக்கிட்டான். முன்னால நெறைய பேரு இருக்கறாங்க."

நாளைக்கு பசவராஜ் முகத்தில் விழிக்கவேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு வருவதாக இருக்கிறேன்.

கெட்டுப்போன பேரிங்கை அப்படியே, தொடாமல், போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சுரேந்தர் அனுப்பியிருக்கிறான். வாழையிலை மேல் இரண்டும் மின்னுகின்றன. டீசலில் கழுவியிருக்கிறான்.