ரோசரியின் தெருக்காரர்

மரியே வாழ்க

புத்தூர், திருச்சி
7.1.1979

அன்பு மகள் ரோசரிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதியும் தாண்டாத நான், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப்போகும் உனக்கு ஓர் ஒத்தாசை செய்திருக்கிறேன். திட்டாதே.

அந்த ஃபெலோஷிப் கிடைக்காவிட்டால் உன் படிப்பு இதோடு நின்றுவிடும். என் சம்பளத்தால் ஆகாது. கமிட்டியில் ஸ்ரீரங்கத்துப் பேராசிரியர் வரதாச்சாரியார் இருப்பதாக எழுதியிருந்தாயே, அவரைப் போய்ப் பார்த்தேன். வெறுங்கையோடு போகலாமா? அம்மா புதுவருஷத்துக்குச் செய்த கேக்கில் பாதியைக் கொண்டுபோனேன். வாசலிலேயே நிறுத்தி, "இதுல முட்டை உண்டோ?" என்றார். "ரொம்ப இல்லீங்க, கொஞ்சம்தான்" என்றேன். அதற்குமேல் அவர் கேக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் ரோசரியோட அப்பாங்க, பார்த்துச் செய்யணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொன்மலை ஒர்க்ஷாப்பில் எனக்கு வேலை கிடைத்ததும் இப்படித்தான். அன்றைக்குக் கொண்டுபோனது சேவல்.

அன்புள்ள அப்பா,
தைரியராஜ்


சென்னை
22.1.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் வந்தது. இது ஆள் பிடித்து வாங்குகிற வேலை இல்லை அப்பா. சிபாரிசு என்றால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

நான் உட்கார்ந்ததும் வரதாச்சாரியார், "கேக் எடுத்துண்டு வந்தவர் உன் தோப்பனாரா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான், "இல்லை சார், எங்க தெருக்காரர். எல்லார் பிள்ளைக்கும் இப்படி உரிமை கொண்டாடுவார்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் நான் ஆராயப்போகும் காவிரிப் பாசிகளைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்னேன். அப்படிச் சொல்ல முடிந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் சொன்னேன் என்று எழுதத்தான் நினைத்தேன். கோபமில்லை அப்பா, வெட்கம்.

ரோசரி


சென்னை
26.3.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது. ஜூலையில் திருச்சியிலேயே, வரதாச்சாரியாரிடம் ஆராய்ச்சி. சேருகிற அன்று நீங்கள் என்னோடு வரவேண்டும். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.

உங்கள் மகள்
ரோசரி


மரியே வாழ்க

புத்தூர், திருச்சி
2.4.1979

ரோசரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் அம்மா மெழுகுவர்த்தியோடு கோயிலுக்கு ஓடிவிட்டாள். நான் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. 'அன்பு மகள்' என்று ஆரம்பிப்பேன், கை நின்றுவிடும். தெருக்காரன் அப்படி எழுதலாமா? சிரிக்கத்தான் எழுதுகிறேன், அழாதே.

நீ அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். போன சனிக்கிழமை திருவானைக்காவலில் பஸ் ஏறிய பேராசிரியர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். "ஏங்காணும், அந்தப் பொண்ணோட அப்பான்னு பொய் சொல்லலாமோ?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "தப்புதாங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு, அப்படிச் சொல்லிக்க ஆசையா இருந்துச்சு" என்றேன். சிரித்துவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்தார்.

இனி நீ உண்மையைச் சொன்னால் நாம் இருவருமே பொய்யர்கள் ஆகிவிடுவோம். வீட்டுக்கு ஒருவர் போதும்.

சேருகிற அன்று அம்மா உன்னோடு வருவாள். அவளை அவர் பார்த்ததில்லை.

அப்பா