செருப்பு எந்தப் பக்கம் பார்த்தது

அக்டோபர் 8, செவ்வாய்

காலை முறை. பதினொன்றாம் எண் பஸ், துறைமுகத் தடம். பள்ளிப் பிள்ளைகள் படியில் நின்று வழிவிட மாட்டேன் என்றார்கள். ஒலிபெருக்கியில் ஒரு முறை சொன்னேன், நகர்ந்தார்கள். மேலாளர் ஹொஸோய் பனிக்காலப் பட்டியலை ஒட்டிவிட்டார். டிசம்பர் முதல் தேதியிலிருந்து துறைமுகத் தடத்தின் முதல் பஸ் எனக்கு! விடிகாலை ஐந்து இருபத்தைந்து. இந்த டிப்போவில் பெண் ஓட்டுநர் நான் ஒருத்திதான். பனிக்காலத்து முதல் பஸ்ஸை எனக்குத் தர அவர்களுக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்காரர் மிகியோவிடம் சொல்லலாம் என்று வந்தால் வீட்டில் ஆள் இல்லை. அவருக்கு இரவுக் காவல் திங்களும் வியாழனும்தான். கூட வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சலாம், அவருக்குப் பதிலாக இன்றைக்கும் போய்விட்டார். முள்ளங்கியும் முட்டையும் வேகவைத்துத் தனியாகச் சாப்பிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 9, புதன்

வலது கால் உடைந்துவிட்டது. கழிவறைச் செருப்பால். செருப்பால்! இப்போது எழுதினால் பேனாவையும் உடைப்பேன்.

அக்டோபர் 10, வியாழன்

சரி, எழுதுகிறேன்.

நேற்று ஐந்து மணிக்கே எழுந்தேன். அரிசி களைந்தேன், சீருடையைத் தேய்த்தேன். ஆறே முக்காலுக்குக் கிளம்பும் அவசரத்தில் மறுபடியும் கழிவறைக்கு ஓடினேன். உள்ளே, அங்கே மட்டும் போடுகிற செருப்பு கதவைப் பார்த்துக் கிடந்தது. வெளியே வருகிறவர் அதைத் திருப்பி, குதிகால் பக்கம் கதவுக்கு வரும்படி விட வேண்டும். அடுத்து வருகிறவர் அப்படியே காலை நுழைத்துக்கொள்வார். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும் இது. என் கணவருக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ந்தது.

குனிந்து திருப்ப நேரமில்லை. காலாலேயே திருப்பப் பார்த்தேன். பாதம் உள்பக்கமாக மடிந்தது, 'டக்' என்று ஒரு சத்தம். தரையில் உட்கார்ந்து கத்தினேன்.

மிகியோ ஓடிவந்தார். எப்படி? காலில் ஷூவோடு! வீட்டுக்குள், நடைவழி முழுக்க ஷூவோடு! குப்பை போடப் போயிருப்பார் போல. வலியிலும் எனக்கு அந்தத் தரைதான் கண்ணில் பட்டது. "ஷூவக் கழட்டுங்க" என்று கத்தினேன். டாக்சியில் போகும்போது, "எல்லாம் உங்களாலதான். அந்தச் செருப்பத் திருப்பி வைக்க ஒரு வினாடி ஆகுமா உங்களுக்கு?" என்றேன். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஒரு நல்ல சட்டை போடத் தோன்றவில்லை, அந்த நீலக் காவல் சீருடையிலேயே வந்து நின்றார்.

டாக்டர் மகிதா என் மகளைவிடச் சின்னவர் போலிருந்தார். எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துவிட்டு, "இதுக்கு மரச்செருப்பு முறிவுன்னு பேருங்க. அந்தக் காலத்துல மரச்செருப்பு போட்டவங்களுக்கு இப்படித்தான் உடையும்" என்றார்.

"நான் போடப் பார்த்தது ரப்பர்."

"பேரு அதுதாங்க."

மாவுக்கட்டு ஆறு வாரம். அப்புறம் நடைப்பயிற்சி. பிரேக் மிதிக்கிற கால் எது? வலது. டிசம்பர் முதல் தேதிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

அக்டோபர் 11, வெள்ளி

ஹொஸோய்க்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே போனுக்குத் தலைகுனிந்தேன். எலும்பும் என்னுடையது, மன்னிப்பும் நானே கேட்க வேண்டும்.

"சின்ன எலும்புதானே முரோயி சான்?" என்றார், குடும்பப் பெயரில் மரியாதையாக. "முதல் பஸ் விஷயம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது? எனக்குத் தெரியும் அந்த 'அப்புறம்'.

அக்டோபர் 16, புதன்

கழிவறைத் தரையில் வெள்ளை டேப்பால் இரண்டு பாதம் வரைந்து ஒட்டியிருக்கிறார் மிகியோ. செருப்பு அதன்மேல் சரியாக உட்கார வேண்டுமாம். அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த கை, கோடு கச்சிதமாகத்தான் இருக்கிறது. பிறகு என் முன்னால் மண்டியிட்டு, "மன்னிச்சிடு சிஸுரு. இனிமே திருப்பி வைப்பேன்" என்றார்.

இதை இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கலாமே? கேட்டேன். எழுந்துகொண்டார். போய் சூப் சூடுபண்ணினார். அந்த முதுகைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒஸாகாவிலிருந்து மகள் மிஹோ பேசினாள். "அம்மா, நெத்திலிக் கருவாடு சாப்பிடுறியா? எலும்புக்கு நல்லது."

"எனக்கு வேண்டாம்."

"பாரு, எப்படிக் கத்துற. கால்சியம் குறைஞ்சாலும் இப்படித்தான் கோபம் வரும். அதுக்கும் நெத்திலிதான்."

பக்கத்து வீட்டம்மாவும் அதையேதான் சொன்னாள், மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். மொத்தம் நான்கு பொட்டலம் நெத்திலி சேர்ந்திருக்கிறது. இந்த ஊரில் ஒருத்தி நியாயமாகக் கோபப்பட வழியே இல்லை. கோபப்பட்டால் மீனைத் தின்னச் சொல்கிறார்கள்.

(தின்றேன். ஒரு பொட்டலம் முழுவதும். கோபத்தில் கை தானாகப் போகிறது.)

அக்டோபர் 27, ஞாயிறு

மாடி ஜன்னலிலிருந்து முனைச் சிக்னல் தெரியும். இன்று பதினொன்றாம் எண் பஸ்ஸை ஓட்டியவன் பிரேக்கை இரண்டு தடவையாக மிதிக்கிறான். உள்ளே நிற்கும் கிழவிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். என் கால் கட்டுக்குள்ளேயே மிதித்தது. உயிர் போகிற வலி.

மிகியோ எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார்.

"உங்க தலை."

அக்டோபர் 30, புதன்

குளிக்கவே ஒரு மணி நேரம். காலுக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, முக்காலியில் உட்கார்ந்து, இவர் முதுகு தேய்க்க. நான் யாரையும் எதற்கும் எதிர்பார்த்ததில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஒருத்தர் தண்ணீர் மொண்டு ஊற்றக் காத்திருக்கிறேன். தண்ணீர் சூடு சரியாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

ஹொஸோய் வீட்டுக்கே வந்தார். பிஸ்கட் டப்பா, அதற்கு மேல் ஒரு படிவம்.

"முரோயி சான், தொலைஞ்ச பொருள் கவுண்டர்ல ஒரு இடம் காலியாகுது. நாற்காலி, ஹீட்டர், எல்லாம் இருக்கு. பனியில அவஸ்தைப்பட வேண்டாம். பெண்களுக்கு வசதி."

"தற்காலிகமாவா?"

டீயைக் குடித்தார். "நிரந்தரமாவே பார்த்துக்கலாமே."

குடைகள்! மீதி வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குச் சீட்டுக் கட்ட வேண்டுமாம். நான் டிசம்பர் ஒன்றாம் தேதி பஸ் எடுப்பேன் என்றேன். அப்படியென்றால் இருபத்தெட்டாம் தேதி டிப்போவில் பிரேக் சோதனை, அதற்கு முன்னால் இந்தப் படிவம் என்றார். விபத்து அறிக்கை. நாள், நேரம், சூழ்நிலை, காரணம், இனி நேராமல் தடுக்கும் வழி. கையால் எழுதித் தர வேண்டும். வண்டி உரசினாலும் இதே படிவம்தான், செருப்புத் தடுக்கினாலும் இதே படிவம்தான்.

அவர் போன பிறகு மிகியோ, "பிஸ்கட் சாப்பிடுறியா?" என்றார். இல்லை என்றேன். பாதி டப்பா தின்றேன்.

நவம்பர் 6, புதன்

அறிக்கை, முதல் வரைவு.

காரணம்: கணவர்.
தடுக்கும் வழி: கணவரை மாற்றுதல்.

எழுதியதும் கொஞ்சம் நிம்மதி. கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

மிகியோ இரவுக் காவலுக்குக் கிளம்பியதும் உட்கார்ந்து ஒழுங்காக எழுத ஆரம்பித்தேன். சூழ்நிலை என்ற கட்டத்தில், முந்தைய நாள் இரவிலிருந்து எழுத வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. போதிய தூக்கம் இருந்ததா, வீட்டில் யார் யார் இருந்தார்கள். நேரம் சரியாக இருக்கட்டும் என்று இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன்.

அக்டோபர் எட்டு. "அவருக்குப் பதிலாக இன்றைக்கும் போய்விட்டார்."

இரண்டு தடவை படித்தேன்.

அவர் அன்று இரவு வீட்டிலேயே இல்லை. வேலை முடிந்து ஆறே முக்காலுக்கு வருவார். நான் கத்தியபோது அப்போதுதான் கதவைத் திறந்திருக்கிறார். அதனால்தான் ஷூ. அதனால்தான் சீருடை. குப்பையும் இல்லை ஒன்றும் இல்லை. செவ்வாய் இரவு அவர் வீட்டில்தான் என்கிற வழக்கத்தில், வலியில் அதை மறந்தே போயிருக்கிறேன். முந்தைய நாள் நான் டிப்போவிலிருந்து வந்ததிலிருந்து அந்தக் கழிவறைக்குள் போன ஒரே ஆள் நான்தான். ஐந்து மணிக்குப் போனேன். அரிசி ஊறவைக்கும் அவசரம். செருப்பைக் கழற்றியது நான்தான். கதவைப் பார்க்கக் கழற்றியது நான்தானே!

இருபத்தாறு வருஷமாக அவரைச் சொன்ன வாய் இது. பொய்யில்லை, அவர் ஆயிரம் தடவை அப்படி விட்டிருக்கிறார். அன்றைக்கு மட்டும் விடவில்லை.

அப்புறம் ஏன் அந்த மனுஷன் வாயைத் திறக்கல? டாக்சியில திறந்தாரே! மண்டி போட்டாரே! டேப்பு ஒட்டினாரே! ஒரு மாசம்! எதுக்கு?

நவம்பர் 8, வெள்ளி

வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு. ஆறே முக்காலுக்குக் கதவு திறந்தது. என்னையும் மடியில் இருந்த நோட்டையும் பார்த்தார். ஒரு ஷூ கழற்றியபடியே நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நீங்க வீட்ல இல்ல."

"இல்ல."

"செருப்ப விட்டது நான்."

"ஆமா."

"டாக்சியிலயே சொல்ல வேண்டியதுதானே? என்னை முட்டாளாக்கினீங்களா?"

மற்ற ஷூவையும் கழற்றி, இரண்டையும் வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். நிதானமாக. எனக்கு ஊன்றுகோலை வீசத் தோன்றியது.

"மூணு வருஷம் முன்னால பஸ் கண்ணாடி கம்பத்துல உரசினப்போ," என்றார், "உன்மேலதான் தப்புன்னு நாலு நாள் நீ சாப்பிடல சிஸுரு. தண்ணிகூடச் சரியாக் குடிக்கல. என்மேல கோபப்பட்டா சாப்பிடறியே. எலும்பு சேரணும்ல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. என்னைக் கேட்காமல் என் கோபத்தை எடுத்து வைத்துக்கொள்ள இவர் யார் என்று ஏதோ. ஒரு மாதம் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து என்மேலேயே விழுந்தது. அவர் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார்.

"கொஞ்சம் சாப்பிட்டுட்டுக் கத்து" என்றார்.

நவம்பர் 9, சனி

காலையில் சாப்பிடவில்லை. அவர் சொன்னது சரியாகிவிடக் கூடாது என்று மதியம் சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

அறிக்கை கொடுத்தாயிற்று. இரண்டு தடவை திரும்பி வந்தது. "காரணம்: நான். அவசரம்" என்று எழுதினேன். காரணம் போதும், தடுக்கும் வழி போதாது என்றார் ஹொஸோய். "இனிக் குனிவேன்" என்று எழுதினேன். இன்னும் விவரமாக வேண்டுமாம். கடைசியில், "செருப்பைக் காலால் திருப்ப மாட்டேன், கையால் திருப்புவேன், யார் விட்ட செருப்பானாலும்" என்று எழுதியதை முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் பட்டினி எதுவும் கிடக்கவில்லை. என்மேல் கோபம் இருக்கிறது, நிறையவே. ஆனால் அவர்மேலும் இருக்கிறது. பாதிப் பாதியாக இருந்தால் தாங்க முடிகிறது போல.

நவம்பர் 20, புதன்

கட்டைப் பிரித்தார்கள். என் கால் மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து. இந்தக் குச்சியை வைத்துக்கொண்டு பன்னிரண்டு டன்னை நிறுத்த வேண்டும்.

இன்றிலிருந்து தினமும் சுவரில் பாதத்தை வைத்து அழுத்த வேண்டும். மிகியோ பக்கத்தில் நின்று எண்ணுகிறார். தப்பாக எண்ணுகிறார். திட்டினேன்.

நவம்பர் 28, வியாழன்

டிப்போவில் சோதனை. மழை, நடுவில் ஆலங்கட்டி. காலி பஸ், பின் இருக்கையில் ஹொஸோய். படியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து வெள்ளைக் கோட்டில் நிறுத்த வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. பத்து தடவை.

எட்டாவது தடவை பாதத்தின் ஓரம் சுரீரென்றது. பல்லைக் கடித்து மெல்ல மிதித்தேன். சிந்தவில்லை. பத்தும் சிந்தவில்லை.

"கவுண்டர் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றார் இறங்கும்போது.

"நீங்க போய் உட்காருங்க. ஹீட்டர் இருக்காமே" என்றேன். முதலில் முறைத்தார். பிறகு பட்டியலில் என் பெயரை மறைத்து ஒட்டியிருந்த காகிதத்தை அவரே உரித்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஐந்து இருபத்தைந்து. பனி இன்னும் விழவில்லை, அதற்கு முன்னால் இந்தக் கரையில் முழங்கும் இடி மட்டும். ஆறு பேர் ஏறினார்கள். துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குப் போகும் ஒரு அம்மா இறங்கும்போது, "இன்னிக்கு வண்டி நல்லா நின்னுது" என்றாள்.

டிப்போவில் எல்லார் மேஜையிலும் ஒவ்வொரு இனிப்பு வைத்து, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டேன். ஒன்றை மட்டும் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மிகியோவிடம் நீட்டினேன். எதற்கென்று கேட்காமல் தின்றார்.

டிசம்பர் 4, புதன்

விடிகாலை நாலு மணி. கழிவறையில் செருப்பு கதவைப் பார்த்துக் கிடந்தது, அந்த வெள்ளை டேப்புக்கு ஒரு சாண் தள்ளி. இப்போதெல்லாம் செருப்புக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன்: நேற்று இரவு அவர் வீட்டில். படுக்கும் முன் நான் திருப்பி வைத்ததையும் எழுதியிருக்கிறேன். ஐயமே இல்லை, அவர்தான்.

குனிந்து, கையால் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து ஆசை தீரக் கத்தினேன். அவர், "மன்னிச்சிடு" என்று இரண்டு கிண்ணத்திலும் சோறு போட்டார். நான் மறுசோறு வாங்கினேன்.