பாரதிக்குக் கட்டிய பச்சை ஓலைக் குடிசை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அப்பா மாயவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் மாடுகள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த ஊர் வெயிலில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் நல்லபடியாக இருக்க நம்ம சாமிகள் அத்தனை பேரும் காவல் நிற்கட்டும். கவுஸ் பாஷா மகன் முதசிர் நாளைக்குக் கத்தாருக்குப் பிளேன் ஏறுகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் கேழ்வரகு மாவையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே நர்ஸ் கேள்வி கேட்கிறாய், எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது, அதனால்தான் எழுத்து. உன் அத்தை மகள் பாரதி விஷயம் இப்படியெல்லாம் வந்து நிற்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். அவள் தொட்டிலில் கிடக்கும்போதே உன் மாதம்மாள் அத்தையிடம், அக்கா, உம் மவ ஒரு நாள் ஊரையே கூட்டுவா பாரு என்று சொன்னவன் நான். அம்மாவைக் கேட்டுப் பார். இல்லை என்பாள், அவளுக்கு எது ஞாபகம் இருந்தது.

நீ கேட்டபடியே முதலிலிருந்து சொல்கிறேன். அப்போது பாரதிக்குப் பதினாறு முடியப்போகிறது, இன்னும் வயசுக்கு வரவில்லை. அவளைவிடச் சின்னவள், நம்ம தெரு நவநீதனின் தங்கச்சி மகள், அவளுக்கு ஆகிவிட்டது. நவநீதன் தாய்மாமன் சீர் கொண்டுபோனான் பார், மேளம், டிராக்டர் நிறையத் தட்டு, தெருமுக்கில் ஃபிளெக்ஸ், அதில் பொண்ணைவிட இவன் படம்தான் பெருசு. அதோடு விட்டானா, டீக்கடையில் பத்துப் பேர் எதிரில், என்னா மாயவா, உங்க அக்கா மவளுக்குக் குடிசை கட்ட வெட்டி வெச்ச ஓலை இன்னும் பச்சையாத்தான் இருக்குதா, இல்ல அடுப்புக்குப் போட்டுட்டியா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, அத்தை வீட்டுப் பக்கம் ஆடு மேய்க்கிற குள்ளம்மா மூச்சு வாங்க ஓடிவந்து, மாமங்காரரே, உங்க பாரதி பெரியவளாயிட்டா, நான் எங் கண்ணால பாத்தேன் என்று சொன்னாள். நவநீதன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

அத்தை கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் தெருப் பெண்கள் மஞ்சள் தண்ணிச் சொம்போடு வாசலில் நிற்கிறார்கள், நான் தென்னை ஓலை வெட்டிக் குடிசை கட்டவே ஆரம்பித்துவிட்டேன். பாரதி என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா எனக்கு ஒண்ணும் வரல மாமா, சத்தியமா வரல மாமா என்று ஒரே அழுகை. பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எல்லாப் பொண்ணும் மொதல்ல இப்படித்தாண்டி சொல்லும், நாங்களும் சொன்னோம் என்று ஒருத்தி அவள் தலையிலேயே முதல் சொம்பை ஊற்றிவிட்டாள். உன் அத்தை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, துணியில ஒண்ணும் காணமே என்றாள். குள்ளம்மா பாத்துட்டா அக்கா, இவ வெக்கப்பட்டுத் தொவைச்சிருப்பா என்றேன். சரிதான் என்று போய்விட்டாள். நான் செய்த சீரைத்தான் நீ வீடியோவில் பார்த்தாயே, அரூரிலிருந்துகூட ஆட்கள் கேட்டார்கள், இது கல்யாணமா சடங்கா என்று. என் படத்தைச் சின்னதாகத்தான் போடச் சொன்னேன், ஃபிளெக்ஸ்காரன் அவனாகப் பெரிதாக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒழுங்காக மாதாமாதம் அவளுக்கு அடிவயிற்று வலி வரும். வந்தால் அத்தை அவளைப் பின்பக்கச் சார்ப்பில் தனியாக உட்கார வைத்துவிடுவாள், தட்டு வேறு, பாய் வேறு, பள்ளிக்கூடமும் கிடையாது. வரவே இல்லம்மா, வலிதான் வருது, நான் எதுக்கு இங்க உக்காரணும் என்று கேட்பாளாம். படிக்கிற திமிர். பள்ளிக்கூடத்தில் இலவசமாகத் தருகிற நாப்கினைப் பிரிக்காமலே பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாளாம், அத்தை கண்டுபிடித்துக் கேட்டாள், அவ சிக்கனக்காரி என்று நான்தான் சொல்லிச் சமாதானம் செய்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா பள்ளிக்கூடம் வந்து பொம்பளைப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசின கதைதான் உனக்குத் தெரியுமே. ஒருத்தி முகப்பருவுக்கு என்ன செய்வது என்றாளாம், ஒருத்தி வெள்ளைப்படுவது நோயா என்றாளாம், ஒருத்தி மாரு ஒரு பக்கம் சின்னதா இருக்குது என்றாளாம், எல்லாத்துக்கும் அந்தம்மா, வளர்ற வயசுல இதெல்லாம் சாதாரணம், அரிப்போ கெட்ட வாசனையோ இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட வாங்க என்றாளாம். நானாக இருந்தால் பருவுக்கு வேர்க்கடலையை நிறுத்து என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். பதினஞ்சு தாண்டியும் தீட்டு வராட்டி சும்மா இருக்கக் கூடாது என்று அவள் சொன்னதும் நம்ம பாரதி எழுந்து நின்று, எனக்கு இன்னும் வரல மேடம், மாசாமாசம் வலி மட்டும் வருது என்று சொல்லிவிட்டாள். வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. ஏண்டி, உங்க வூட்ல வந்து கேசரி தின்னமே, அது எதுக்குடி என்று ஒருத்தி கேட்டாளாம். அன்றோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஊர் நடுவில் ஃபிளெக்ஸ் வைத்தவன் நான், எனக்கு முகம் வேண்டாமா.

டாக்டரிடம் போகவில்லை என்று போனில் கத்தினாயே, போனோம். அவளையும் அத்தையையும் நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன், அந்த லேடி டாக்டருக்கு என்னை நன்றாகத் தெரியும், எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். கடைசியாகத் தீட்டு எப்போது என்று கேட்டாள், உன் அத்தை போன அமாவாசைக்கு என்றாள். பாரதி வாயைத் திறந்தாள், நான் அவள் தோளில் கை வைத்தேன், மூடிக்கொண்டாள். இந்த வயசில் வலி இருக்கத்தான் செய்யும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள். வழி அடைத்து ரத்தம் உள்ளேயே தேங்கியிருக்கலாம், ஸ்கேன் எடு, ஸ்கேன் எடு என்று நீ சொல்கிறாய். அந்த ஸ்கேன் சென்டரில் வேலை செய்வது நவநீதனின் மகன் பெண்டாட்டி. அதோடு பொம்மிடியில் ஒரு நல்ல குடும்பம் பாரதியைக் கேட்டிருக்கிறது, பதினெட்டு முடிந்ததும்தான் கல்யாணம், இப்போதைக்கு வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்த நேரத்தில் வயிற்றை ஸ்கேன் எடுத்தாள் என்று பேச்சு வந்தால் என்ன ஆகும். இப்போது பாரதிக்கு அடிவயிறு கல்லு மாதிரி இருக்கிறதாம், ஒண்ணுக்குப் போகவும் கஷ்டப்படுகிறாள், முந்தாநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னைப் பார்த்து, நீங்க சொன்னா மட்டும்தான் எல்லாரும் நம்புறாங்க மாமா என்றாள். அதுவும் உண்மைதானே. சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, மாவு பூச்சி பிடிப்பதற்குள் டப்பாவில் போட்டு மூடு. குறை ஒன்றும் அண்டாமல் நீ நீடூழி வாழ்வாய், இது அப்பா வாக்கு. நீ கேட்டதில் ஒன்றுக்குத்தான் பதில் சொல்லவில்லை. முதல் தடவை பார்த்த அந்தக் குள்ளம்மாவிடம் நான் பேசணும், என்ன பார்த்தாள் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாகப் பார்க்க முடியும் என்கிறாய். அவளிடம் பேசாதே பாப்பா. அவளுக்குக் காதும் சரியாகக் கேட்காது, ஒரு புடவை கொடுத்து, யார் கேட்டாலும் தலையை ஆட்டு என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் டீக்கடைக்கு வரவே இல்லை. நவநீதன் அப்படிக் கேட்டதும், ஆயிட்டாடா, இன்னிக்குக் காலையிலதான், குள்ளம்மா பாத்துட்டு வந்து சொன்னா என்று என் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். யாரும் எதையும் பார்க்கவில்லை. பாரதிக்கு இதுவரைக்கும் ஒன்றும் வரவில்லை. உன் அத்தைக்கு இது தெரியாது, என் பெயர் வராத மாதிரி எப்படிச் சொல்வது என்று பார்த்து நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு
உன் பாசமுள்ள அப்பா
மாயவன்