பின்னால் ஓடிய வண்டிச் சக்கரம்

இன்று காலை திருப்பத்தூர்ப் பட்டறையில் லேத் மெஷினுக்குள் கை நீட்டினேன். என் கண்ணுக்கு அது நின்றிருந்தது. உண்மையில் நிற்கவே இல்லை, முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது! மற்ற மெஷின்களின் இரைச்சலில் அதன் சத்தம் தெரியவில்லை. மேலே புதிதாக மாட்டிய டியூப்லைட் செய்த மாயம். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். இழுக்க வைத்தவன் நீ. செத்து ஒரு வருஷமாகியும் உன் வாய் அடங்கவில்லையடா.

அப்போது ஜவ்வாது மலையில் நாம் வேலை பார்த்த டூரிங் சினிமாக் கொட்டகை. நீ புரொஜெக்டர் ஆபரேட்டர். டிப்ளமா முடித்த கையோடு ஜெனரேட்டர் பார்க்க வந்தவன் நான். உன்னிடம் தினம் ஒரு வினோதச் செய்தி இருக்கும். "படத்துல இடி இன்னா தெரியுமா? தகரத்தப் புடிச்சி ஆட்டுவானுங்க." "ஓடற படத்துல பாதி நேரம் திரையில இருட்டுதான்டா." நான், "உளறாத, போடா" என்பேன்.

அன்று முதல் ஆட்டத்தில் ஒரு மாட்டுவண்டிப் பந்தயம். மாடுகள் முன்னால் பாய்ந்தன, சக்கரமோ பின்னால் சுற்றியது. சாமை அறுவடை முடித்து நாலு ஊரிலிருந்து நடந்து வந்த சனம் எழுந்துவிட்டது. "மாடு முன்னால போவுது, சக்கரம் பின்னால போவுது! இன்னா ஏமாத்து வேல இது?"

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ படிச்சவன். மிஷின் கோளாறா, இவன் கோளாறா?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புரொஜெக்டர் மிஷினை நானே அன்று காலைதான் சரிபார்த்திருந்தேன். "இவன் தப்புதான்."

"அப்ப நாளைக்கு பஸ் ஏறு" என்றார் உன்னிடம். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். நீ என்னைத் திட்டவில்லை. "காலைல ஊர் கவுண்டர் முன்னால ஒண்ணு காட்டறேங்க. பாத்துட்டு அனுப்புங்க."

காலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாய். பின்சக்கரத்தில், ஆரக்கால் மாதிரி கருப்புக் கோடுகள் போட்ட வட்ட அட்டையைக் கட்டினாய். பிலிம் சுற்றும் கைப்பிடியில் இன்னொரு அட்டை, ஓரமெல்லாம் கீற்றாய் வெட்டிய துளைகள். "இன்ஜினியரு, பெடலச் சுத்துடா" என்று என்னையே உட்கார வைத்தாய்!

நீ சுழற்றிய துளைகளின் வழியே ஊர்த் தலைவரான கவுண்டர் பார்த்தார். "அட, பின்னால போவுதே!" அட்டையை விலக்கினார், முன்னால் போனது. மறுபடி பார்த்தார், பின்னால். என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏன்பா, திருட்டுத்தனமா மாத்திச் சுத்தறியா?" என்றார். சனம் சிரித்தது.

"படமும் இப்டித்தாங்க, மூடி மூடித் தொறக்குது. தொறக்கும்போது அடுத்த ஆரக்கால், பழைய ஆரக்கால் எடத்துக்கு வந்து சேராம கொஞ்சம் பின்னாலயே நிக்கும். பழைய ஆரக்காலே பின்னால வந்துட்டுதுன்னு கண்ணு நெனச்சிக்குது" என்றாய்.

மதியம் வரைக்கும் வரிசை. எனக்குத் தோள் கழன்றது. "இன்னிக்கும் அந்தப் படத்தயே போடுப்பா" என்றார் கவுண்டர். முதலாளி பஸ் பேச்சை விட்டார். அன்று மாலை அந்தச் சக்கரத்துக்கு விழுந்த விசில், கதாநாயகனுக்கு விழவில்லை!

"கண்ண நம்புடா இன்ஜினியரு. ஆனா அது இன்னா வெளிச்சம்னு கேட்டுட்டு நம்பு" என்றாய். இன்று காலை என் கையை இழுத்தது அந்தச் சொல்தான். நான் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் கல்யாணத்தில் மூக்கு முட்டச் சாப்பிட்டேன், அப்போதும் கேட்கவில்லை.

டியூப்லைட்டும் உன் துளை அட்டை மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகிறது. லேத்துக்கு மேல் இன்று ஒரு குண்டு பல்பு மாட்டிவிட்டேன். அதன் வெளிச்சத்தில் சுற்றுவது சுற்றுவதாகவே தெரிகிறது. அன்று தப்பு உன்னுடையது இல்லை, யோசிக்காமல் பேசிய என்னுடையது. அதை இப்போது எழுதுகிறேன். ஐந்து விரலும் இருக்கிற கையால்.