எறும்பு கடித்த விரல்

கள்ளிக்குப்பம்
20.8.1994

அன்பு மகள் வனஜாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். அந்த ஊர் மழையில் நனையாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நீயும் சுகமாக இருக்க வேண்டும். கோணல் எழுத்தைப் பார்த்ததுமே இது அப்பா எழுதியதில்லை என்று தெரிந்திருக்கும். ஆமாம், என் வலது கையால்தான் எழுதுகிறேன்.

போகியன்று ஜன்னல் துடைக்கும்போது கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டு நரம்பு அறுந்ததும், தைத்த பிறகும் மூன்று விரல்கள் மரத்தே கிடந்ததும் உனக்குத் தெரியும். வெட்டுக்குக் கீழே நரம்பிழைகள் செத்துவிட்டன என்று டாக்டர் சொன்னதும் நான் அழ, நீதான் போனில் தைரியம் சொன்னாய். அறுந்த இடத்தில் கால்சியம் புகுந்ததும், நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த புரோட்டியேஸ் என்கிற நொதி விழித்துக்கொண்டு, கத்தரிக்கோல் மாதிரி அந்த இழைகளை நறுக்கிவிடும், பழைய குப்பை போனால்தான் புது இழை வளர வழி கிடைக்கும் என்றாய். அப்புறம் ஏன் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து கொடுத்து அதை அடக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அறுபடாமல் நசுங்கிய நரம்பிலும் அது விழித்து, பிழைக்கக்கூடிய இழையையும் நறுக்கிவிடுகிறதே அம்மா என்றாய். புரிந்தது. காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

போன வாரம் முருங்கைக்கீரை உருவும்போது சுரீர் என்றது. பார்த்தால் ஆள்காட்டி விரலில் சிவப்பு எறும்பு! வலித்தது என்னவோ நடுவிரலில். புது இழைகள் இடம் மாறிப் போய்ச் சேர்ந்தால் அப்படித்தானாம், போகப்போகப் பழகிவிடுமாம், டாக்டர் சொன்னார். நான் போட்ட கூச்சலில் அப்பா சவர நுரையோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டு நாகம்மா, "எறும்பு கட்ச்சதுக்கா இந்தக் கூத்து? இன்னாமே ஆச்சு உனுக்கு?" என்றாள். "வலிக்குது நாகம்மா, வலிக்குது!" என்று நான் சிரிக்க, விஷயம் புரிந்து அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

நேற்று தொழிற்பேட்டை எஸ்டேட்டில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் எங்கள் காயில் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் ஞானம்மாள் என்னைப் பழைய இடத்தில் உட்காரவைத்து, மெல்லிய செம்புக் கம்பியை விரல்களுக்கிடையே கொடுத்து, "கண்ண மூடிக்கினு சொல்லு, கம்பி ஓடுதா, நிக்குதா?" என்றாள். ஓடுது என்றேன். மெஷினை நிறுத்தினாள். நின்னுடுச்சு என்றேன். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை இப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

திருவேற்காட்டு அம்மன் உன்னையும் உன் ஆராய்ச்சியையும் காக்கட்டும். பருப்புப்பொடியைத் தோழிகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை.

ஆசிகளுடன்
உன் அம்மா
புஷ்பா பரந்தாமன்